சொல்லின் நேர்ப்பொருள்

வங்கிக் குமாஸ்தாவுக்கு ஒரு சட்டம் பாடமாகத் தெரியும். காசோலையில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் கண்ட தொகையே தொகை என்கிறது 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம். பணத்தில் சொல்லுக்கு இருக்கும் இந்த மதிப்பு கல்வித்துறை விமர்சனத்தில் இல்லை.

ஒரு கவிதையை 'இருத்தலியல் அந்நியமாதலின் படிம வெளிப்பாடு' என்று எழுதிவிடுகிறார்கள். அதில் பேசுவது யார், யாரிடம், எதைப் பற்றி என்று கேட்டால் பதில் இராது. கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எழுதித் தந்த கருத்துகளை ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் 1929இல் நூலாக்கினார். இடர்ப்பாடுகளில் முதலாவதாக அவர் குறித்தது இதைத்தான்: கவிதையின் நேர்ப்பொருளே அவர்களில் பலருக்குப் பிடிபடவில்லை.

தொல்காப்பிய உரியியல் 'ஆய்தல்' என்ற சொல்லை, உள்ளது ஒன்று நுணுகுவதைக் குறிப்பதாகச் சொல்கிறது. உள்ளது என்பது முக்கியம். கையில் கீரை இருந்தால்தான் கீரை ஆய முடியும். நம் ஆய்வேடுகள் பலவற்றில் கீரை இல்லை. பரிமேலழகர் குறளின் சொற்களுக்குப் பொருள் சொன்ன பிறகே விளக்கத்துக்குப் போனார்.

நேர்ப்பொருளோடு நின்றுவிடச் சொல்லவில்லை. தொனியும் குறியீடும் அதன்மேல் நின்றுதான் எழ முடியும் என்கிறேன்.

பேராசிரியர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சிறுபத்திரிகைகளில் 'தரிசனம்', 'பிரக்ஞை' என்று நான் எழுதியவற்றில் பாதிக்கு இன்று என்னாலேயே பொருள் சொல்ல முடியாது. கணக்கில் பணமில்லாமல் கொடுத்த காசோலைகள் அவை.