சுகுமார் ராயின் சித்திரங்கள்

சுகுமார் ராய் (1887–1923) வங்க மொழியில் விந்தைக் கதைகளும் வேடிக்கைப் பாடல்களும் எழுதியவர். அவற்றுக்குத் தாமே படம் வரைந்தவர். திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராயின் தந்தை.

பின்னணி

சுகுமாரின் தந்தை உபேந்திரகிஷோர் கல்கத்தாவில் அச்சகம் நடத்தினார். 1913-ல் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். சுகுமார் பௌதிகமும் வேதியியலும் படித்தவர். 1911-ல் இங்கிலாந்து சென்று அச்சுத் தொழில்நுட்பம் பயின்றார். 1915-ல் தந்தை மறைந்தபின் இதழின் ஆசிரியரானார். எந்தக் கோடு அச்சில் தெளிவாக விழும் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய படங்களில் கறுப்புக் கோடே எல்லாவற்றையும் சொல்கிறது.

கலப்பு உயிர்கள்

சுகுமாரின் புகழ்பெற்ற பாடலொன்றில் வாத்தும் முள்ளம்பன்றியும் சேர்ந்து ஒரே உயிராகின்றன. 'ஹான்ஸ்' என்றால் வாத்து, 'சஜாரு' என்றால் முள்ளம்பன்றி. இரண்டும் புணர்ந்து 'ஹான்ஸ்ஜாரு' ஆகிறது. இந்தச் சொல் விளையாட்டைத் தமிழாக்கத்தில் கொண்டுவருவது கடினம். படத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. முள் முதுகுடன் நிற்கும் வாத்தைக் கண்டதும் எந்த மொழிக் குழந்தையும் சிரிக்கும்.

கலப்பு உயிர் நமக்குப் புதிதன்று. இராமேசுவரம் கோயில் தூண்களில் யாளியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சிங்கமும் யானையும் ஒன்றாவது வியப்பளிப்பதில்லை. ஆனால் யாளி அச்சமும் கம்பீரமும் கொண்டது, காவலுக்கு நிற்பது. சுகுமாரின் விலங்குகள் எதையும் காப்பதில்லை. தமக்கு நேர்ந்ததை இயல்பாக ஏற்றுக்கொண்டு நிற்கின்றன. சிரிப்பு அந்த இயல்பிலிருந்தே பிறக்கிறது.

மாமாவின் எந்திரம்

இன்னொரு பாடலில் ஒரு மாமா, வேகமாக நடக்க ஓர் எந்திரம் செய்கிறார். தோளில் மாட்டிய அதன் நுனியில், முகத்துக்கு எட்டாத தூரத்தில் தின்பண்டம் தொங்குகிறது. சுகுமார் அதை உண்மையான கருவியைப் போலவே வரைந்திருக்கிறார். நடக்க முடியாததை நடந்ததாகக் காட்டும் சாட்சியாகவே அவர் படத்தைப் பயன்படுத்துகிறார்.

மதிப்பீடு

லூயிஸ் கரோலின் 'ஆலிஸ்' நூலுக்கு ஜான் டென்னியல் படம் வரைந்தார். எட்வர்ட் லியர் தம் பாடல்களுக்குத் தாமே வரைந்தார். சுகுமார் லியரின் வழியைச் சேர்ந்தவர். விலங்குகளில் உள்ள பலவகைமை அவருடைய மனித முகங்களில் இல்லை என்பது ஒரு குறை. ஆயினும் பாடலையும் படத்தையும் பிரித்தால் இரண்டுமே பாதியாகிவிடும். படங்களை நீக்கியோ வேறொருவர் வரைந்தோ வரும் பதிப்பு, சுகுமாரின் நூலாகாது.

கருங்காய்ச்சலால் நோயுற்றிருந்த காலத்திலும் அவர் 'ஆபோல் தாபோல்' தொகுப்பை அச்சுக்குத் தயாரித்தார். 1923 செப்டம்பர் 10-ல், 35 வயதில் மறைந்தார். நூல் ஒன்பது நாட்கள் கழித்து வெளிவந்தது.