ஈஸி என்று ஒரு வார்த்தை

அக்னி நட்சத்திர நாளில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, சிதம்பரத்திலிருந்து சம்பந்தி வீட்டார் முதல்முறையாகச் சாப்பிட வருகிறார்கள். 'பாயசமெல்லாம் வேணாம் சித்தப்பா. பிரெஞ்சு ஸ்வீட் ஒண்ணு பண்றேன், ஜில்லுனு. ரொம்ப ஈஸின்னு போட்டிருக்கு' என்றாள்.

ஸ்வீட்டின் பெயர் வாஷ்ரான். முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, மிதமான சூட்டில் அவனில் காயவைத்தால் வருவது மெராங். மெராங் அடுக்குகளுக்கு நடுவே ஐஸ்கிரீமும் அடித்த கிரீமும் வைத்து உறையவைத்தால் வாஷ்ரான். பார்க்க வெள்ளையாக, வட்டமாக அதே பெயருள்ள ஒரு பாலாடைக்கட்டி போல் இருப்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் மொறுமொறு என்று அவனிலிருந்து வெளியே வந்த மெராங், பதினோரு மணிக்கு விரலில் ஒட்டியது. பன்னிரண்டுக்குத் தட்டில் ஒட்டியது. கிரீமை இருபது நிமிஷம் அடித்தும் அது கெட்டிப்படவில்லை. இருந்ததைக் கலந்து ஃபிரீசரில் வைத்தபோது கரண்ட் போய்விட்டது. கடைசியில் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தோம். சம்பந்தி பெரியவர் நாகரிகமானவர். 'சேமியா போடாத பாயசம்... நல்லாத்தாம்மா இருக்கு' என்றார். சம்பந்தியம்மா, 'முட்டை கிட்டை?' என்று கேட்டுவிட்டு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டார்.

1758-ல் லாலி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடித்து இடித்தார்கள். கடலூரில் அவர்களுடைய இந்தப் படையெடுப்பு தோற்றது.

பெண் உள்ளே போய் அழுதது. அவளைச் சமாதானப்படுத்திவிட்டு அந்தச் சமையல் குறிப்பை வாங்கி, ஒரு சிறுகதையை விமரிசனம் செய்வதுபோல் மூன்று தடவை படித்துப் பார்த்தேன். குற்றவாளி அவளில்லை. எழுதினவர்தான்.

முதலில் 'ரூம் டெம்பரேச்சரில் ஆறவிடவும்' என்ற வரி. யாருடைய ரூம்? பாரிஸில் அது 20 டிகிரி. மஞ்சக்குப்பத்தில் மே மாதம் 38, கூடவே கடற்காற்று. மெராங் என்பது பெரும்பாலும் சர்க்கரை. சர்க்கரை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நம் ஊரில் பொரிவிளங்கா உருண்டையையும் அதிரசத்தையும் டின்னில் போட்டு அழுத்தி மூடும் பாட்டிகளுக்கு இது தெரியும். குறிப்பு எழுதியவர் 'அவனை அணைத்து, உள்ளேயே ஆறவிட்டு, உடனே காற்றுப்புகாத டப்பாவில் போடு' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் பாதி மானம் தப்பியிருக்கும்.

அடுத்து கிரீம். 'ஃபிரெஷ் கிரீம், 1 கப்' என்று இருந்தது. நம் கடைகளில் ஃபிரெஷ் கிரீம் என்று அட்டைப் பெட்டியில் கிடைப்பதில் கொழுப்பு 25 சதவீதம். நுரைத்து நிற்க வேண்டுமானால் முப்பதுக்கு மேல் வேண்டும், பாத்திரமும் ஜில்லென்றிருக்க வேண்டும். இருபது நிமிஷம் இல்லை, ஆடி மாதம்வரை அடித்தாலும் அது கெட்டிப்படாது. அந்தப் பெண் தன் கைக்குப் பக்குவம் போதாது என்று நினைத்துக்கொண்டாள். ஒரு மோசமான சமையல் குறிப்பு பண்டத்தோடு சேர்த்துச் சமைப்பவளின் தன்னம்பிக்கையையும் கெடுக்கிறது. என் முக்கியமான புகார் இதுதான்.

மூன்றாவது புகார் கொஞ்சம் சீரியஸ். குறிப்பின் கடைசியில் 'இன்னும் ஈஸி' என்று ஒரு குறுக்குவழி. அவனே வேண்டாமாம். பச்சை வெள்ளைக்கருவை அடித்து, கிரீமில் கலந்து, நேராக ஃபிரீசரில் வைக்கலாமாம். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். உறையவைத்தால் அது சாகாது, தூங்கும். கரண்ட் போய் இளகினால் எழுந்துகொள்ளும். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது இந்தப் பயத்தில்தான். அன்றைக்கு வந்த விருந்தாளிகளில் ஒரு பெண் ஆறு மாதக் கர்ப்பிணி. நல்லவேளை, எங்கள் வீட்டில் அவன் இருந்தது.

எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் 'சமைத்துப் பார்' வெளியிட்டார். முன்பின் அடுப்படிக்குப் போகாதவர்களை மனதில் வைத்து அளவும் வரிசையும் சொன்ன புத்தகம். எத்தனையோ பெண்கள் அதைக் கல்யாணச் சீரோடு கொண்டுபோனார்கள். தலைப்பைக் கவனியுங்கள். ஈஸி, சூப்பர் என்று ஆசை காட்டாமல், செய், செய்து பார் என்கிறது. படிப்பவளின் அடுப்படியில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று யோசித்து எழுதுவதுதான் சமையல் எழுத்து. மற்றதெல்லாம் போட்டோவுக்கு அடியில் போடும் வாசகம்.

சரி, உப்புக்காற்றில் மெராங் செய்யவே முடியாதா? தூத்துக்குடிக்காரர்கள் சிரிப்பார்கள். அதுவும் கடற்கரை ஊர்தான். அவர்களுடைய மக்ரூன் வேறு என்ன? வெள்ளைக்கரு, சர்க்கரை, ஐரோப்பியரின் பாதாமுக்குப் பதில் முந்திரி. நிதானமான சூட்டில் காயவைத்து, உடனே பாக்கெட்டில் அடைத்துவிடுகிறார்கள். நம் ஆட்கள் பிரெஞ்சுப் பெயர் எதுவும் இல்லாமல் பல தலைமுறையாகச் செய்துவரும் மெராங் அது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி செய்தோம். பாக்கெட் மக்ரூனைப் பெரிதாக நொறுக்கிக்கொண்டோம். அரை லிட்டர் வனிலா ஐஸ்கிரீமைக் கரண்டி இறங்கும் அளவுக்கு மட்டும் இளகவிட்டு, எவர்சில்வர் டிபன் டப்பாவில் ஐஸ்கிரீம் ஒரு அடுக்கு, மக்ரூன் ஒரு அடுக்கு, வறுத்த பண்ருட்டி முந்திரி ஒரு கை. இப்படி இரண்டு முறை. மூடி ஃபிரீசரில் ஆறு மணி நேரம். டப்பாவை ஒரு நிமிஷம் தண்ணீரில் நிறுத்திக் கவிழ்த்தால் கேக் போல விழுகிறது. கத்தியால் துண்டு போடலாம். காலையில் வைத்து மதியம் எடுத்தால் மொறுமொறுப்பு இருக்கும். மறுநாள் என்றால் மிட்டாய் போல் மென்றுகொள்ளலாம். அவன் இல்லை, அடிக்கும் வேலை இல்லை, பச்சை முட்டை இல்லை. இதைத்தான் ஈஸி என்று சொல்லலாம்.

சம்பந்தியம்மாவுக்குத் தனி ஏற்பாடு. 2014-ல் ஜோயல் ரோசல் என்ற பிரெஞ்சு இசைக்கலைஞர், கடலை, பீன்ஸ் வேகவைத்த தண்ணீர் வெள்ளைக்கரு போலவே நுரைக்கும் என்று காட்டினார். அதாவது, நவராத்திரிக்கு நவராத்திரி நாம் வடித்துக் கொட்டும் சுண்டல் தண்ணீர்! உப்பில்லாமல் கொண்டைக்கடலையை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொழகொழப்பாகச் சுண்டவைத்து, ஆறியபின் மெஷினில் அடித்தோம். கால் மணி நேரத்தில் பொடித்த சர்க்கரையோடு வெள்ளை வெளேரென்று நுரை நின்றது. 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்து, இந்தத் தடவை அவனை அணைத்து உள்ளேயே ஆறவிட்டோம்.

அந்தச் சின்ன டப்பாவைச் சிதம்பரத்துக்கு ஐஸ் பெட்டியில் கொண்டுபோனது பெண்தான். சம்பந்தியம்மா ஒரு வாய் சாப்பிட்டு, 'இதுல என்னடிம்மா போட்ட?' என்று கேட்டாராம்.

'சுண்டல் தண்ணி, அத்தை.'

நம்பவில்லை. செய்முறையை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். பெண் ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தாளாம். கரண்ட் போனால் ஃபிரீசரைத் திறக்காதீர்கள் என்பது உட்பட.

ஈஸி என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை. கேட்டு வைத்துக்கொண்டேன்.