சூப்பர் சார்!

பாடியில் ஒரு போட்டோ ஸ்டுடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் சைஸ், ஸ்டாம்ப் சைஸ், கல்யாண ஆல்பம், ஜெராக்ஸ் எல்லாம் கீழே. மாடியில் ஞாயிறு காலை ஏழரை மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து ஒரு டி.வி. பெட்டியை முறைத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் எட்டிப் பார்த்தால் கிரிக்கெட் என்றுதான் நினைப்பீர்கள். அருகில் போனால், திரையில் ஒரு குடம் தெரியும். அடுத்து ஒரு கிழவர். அடுத்து பாடி மேம்பாலம், அதற்கு அடுத்தும் பாடி மேம்பாலம்.

வாரம் ஒரு தலைப்பு. அந்த வாரத்தில் எடுத்த ஒரே ஒரு படம். பழைய சரக்கைத் தூசி தட்டிக் கொண்டுவரக் கூடாது. உங்கள் படத்தைக் காட்டினால், குறைந்தது இரண்டு பேர் படத்தைப் பற்றி நீங்கள் பேசியாக வேண்டும். இவ்வளவுதான் சட்டதிட்டம். பரிசு கிடையாது. கீழே டீ வரும்.

இதில் தலைப்பு கஷ்டம் இல்லை, படம் எடுப்பதும் கஷ்டம் இல்லை. செல்போன் வந்த பிறகு படம் எடுக்காமல் இருப்பதுதான் கஷ்டம். அந்த 'இரண்டு பேரைப் பற்றிப் பேச வேண்டும்' என்ற கடைசி விதி இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். நம்பவில்லை என்றால் சோதித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு 'நல்லா இருக்கு', 'சூப்பர்', 'செம' ஆகிய மூன்று சொற்கள் இல்லாமல் ஒரு நிமிடம் பேசுங்கள். எனக்கு முதல் தடவை பதினெட்டு வினாடிக்கு மேல் ஓடவில்லை. பேப்பரில் எழுதிப் பிழைக்கிறவன் நான்!

நம் ஊரில் 'சூப்பர் சார்' என்பது ஒரு வணக்கம். அதற்குமேல் அதில் எதுவும் இல்லை. 'என் படத்துக்கு நீங்களும் சூப்பர் சொல்லிவிடுங்கள்' என்ற கைமாற்று. அதற்கு நேர் எதிரே இன்னொரு கூட்டம் உண்டு. புதிதாக ஒரு நல்ல கேமரா வாங்கி, நாலு வீடியோ பார்த்து, எந்தப் படத்தைக் கண்டாலும் 'ஷார்ப்பா இல்லை', 'அடிவானம் கோணல்', 'கிராப் பண்ணு' என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள். கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன், நான் இந்த இரண்டாம் கூட்டம்.

நான் படித்தது பி.காம். ஆடிட்டிங் பேப்பரில் 'வவுச்சிங்' என்று ஒரு சமாசாரம் வரும். கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கிற ஒவ்வொரு வரிக்கும் துண்டுச்சீட்டு இருக்கிறதா என்று எடுத்துப் பார்க்க வேண்டும். எந்த ஆடிட்டரும் கடைசிப் பக்கத்தில் 'சூப்பர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட முடியாது. 'மொத்தத்தில் சரியில்லை' என்றும் எழுத முடியாது. எதைப் பார்த்தேன், எதில் சந்தேகம் என்று சொல்லியாக வேண்டும். படத்தைப் பற்றிப் பேசுவதற்கும் இதுதான் வழி என்று எனக்கு இருபத்தைந்து வருடம் கழித்துத்தான் புத்தி வந்தது. அதற்கு ஒரு பையன் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வயது இருக்கும். பழைய செல்போன்தான் கேமரா. அந்த வாரத் தலைப்பு 'காத்திருத்தல்'. உங்களுக்கே தெரியும், இப்படித் தலைப்புக் கொடுத்தால் என்ன வரும் என்று. ரயில்வே கேட், ரேஷன் கடை வரிசை, ஆஸ்பத்திரி பெஞ்சு. ('சிவப்பு' என்று கொடுத்த வாரம் ஐந்து பேர் மிளகாய் கொண்டுவந்தார்கள்.) திருவலிதாயம் கோயிலில் வியாழக்கிழமை குரு பகவானுக்காக நிற்கிற கூட்டம் இரண்டு பேர் படத்தில். அதில் ஒன்று நான் எடுத்தது.

பையன் படம் இருட்டு. ஒரு பஸ் ஸ்டாப், ட்யூப் லைட் வெளிச்சம், துணிப்பையோடு ஒரு பெண்மணி. எல்லாம் கலங்கித் தெரிகிறது, ரோடே ஒரு பக்கம் சரிகிறது. நான் முந்திக்கொண்டேன்.

"தம்பி, படம் ஷேக் ஆயிருக்கு. அடிவானம் கோணல். ஆள் நட்ட நடுவுல நிக்கிறாங்க. மூணுல ஒரு பங்குல வெச்சிருக்கணும்."

"சரி சார்" என்றான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

அந்த 'மூன்றில் ஒரு பங்கு' விதியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஓவியர், கிராமத்துக் காட்சிகளை வரைவது பற்றி 1797ல் எழுதிய புத்தகத்தில் அதற்குப் பெயர் வைத்தார். முதல் புகைப்படம் எடுக்கப்படுவதற்குச் சுமார் முப்பது வருடம் முன்பு! ஓவியத்தில் வெளிச்சமும் இருட்டும் எவ்வளவு, வானமும் தரையும் எவ்வளவு என்பதற்கு அவர் கண்ட உத்தேசக் கணக்கு அது. இன்றைக்கு அது ஒவ்வொரு செல்போனிலும் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருக்கிறது. உத்தேசக் கணக்கை எடுத்து ஒரு லேத் பையன் தலையில் குட்டினேன்.

இந்த நோட்டீஸ் ஒட்டும் வியாதி எனக்கு மட்டும் இல்லை என்பதில் ஓர் அல்ப ஆறுதல். ராபர்ட் ஃபிராங்க் என்ற புகைப்படக்காரர் 1955லிருந்து அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றி, சுமார் 28,000 படங்கள் எடுத்து, அதில் 83ஐ மட்டும் பொறுக்கி 'தி அமெரிக்கன்ஸ்' என்று புத்தகம் போட்டார். அமெரிக்காவில் அது 1959ல் வெளிவந்தபோது அங்கிருந்த பெரிய புகைப்படப் பத்திரிகை ஒன்று கிழித்துத் தொங்கவிட்டது. என்ன குற்றச்சாட்டு? கலங்கல், பொரிப்பொரியாக இருக்கிறது, எக்ஸ்போஷர் சரியில்லை, அடிவானம் கோணல். இன்று புகைப்படம் படிக்கிறவர்களுக்கு அந்தப் புத்தகம் பாடம்.

இன்னொன்று 2006ல் நடந்தது. யாரோ ஒரு விஷமக்காரர், மாடிப்படி மேலிருந்து கீழே ஒரு சைக்கிள்காரன் கடந்து போவதை எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை, பெயர் சொல்லாமல் அமெச்சூர்கள் கூடும் ஓர் இடத்தில் போட்டார். படத்தை வைத்துக்கொள்ளலாமா, தூக்கி எறியலாமா என்று ஓட்டுப் போடுகிற கூட்டம் அது. சைக்கிள் கலங்கியிருக்கிறது என்றார்கள், எதுவுமே ஷார்ப்பாக இல்லை என்றார்கள், தூக்கி எறிந்துவிட்டார்கள். அது 1932ல் பிரான்சில் இயர் என்ற ஊரில் கார்த்தியே-பிரெஸோன் எடுத்த படம். உலகத்தின் பிரபலமான படங்களில் ஒன்று.

இந்தக் கதையைச் சொல்லி 'பார்த்தாயா, மேதைகளையே குறை சொன்னார்கள், நீ கவலைப்படாதே' என்று யாரையும் தட்டிக் கொடுக்கலாம். அது மோசடி. கலங்கிய படங்களில் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வெறும் கலங்கிய படங்கள்தான். அந்த ஓட்டுப் போட்ட ஆசாமிகள் தப்புச் செய்தது கலங்கல் என்று சொன்னதில் இல்லை. நிஜமாகவே கலங்கல்தான். கலங்கல் அங்கே என்ன வேலை செய்கிறது என்று கேட்காமல் பில்லை முடித்துவிட்டார்கள். வளைந்து வளைந்து இறங்கும் படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் அசையாமல் நிற்க, ஒருவன் மட்டும் வழுக்கிக்கொண்டு போகிறான். அவனையும் ஷார்ப்பாக எடுத்திருந்தால் அது சைக்கிள் விளம்பரம்.

நம் பையன் கதைக்கு வருகிறேன். மூன்றாவது வாரம் ஸ்டுடியோக்காரர் என்னைக் கீழே டீக்கு அழைத்தார். நாற்பது வருடம் டார்க் ரூமிலும் கம்ப்யூட்டரிலும் குப்பை கொட்டியவர். கூட்டத்தில் அதிகம் பேச மாட்டார்.

"அந்தப் பையன் படம் எங்கேருந்து எடுத்தான்னு கேட்டீங்களா சார்?"

கேட்கவில்லை.

"பஸ் படியிலேருந்து. ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சு வரும்போது. அந்த அம்மா அவனோட அம்மா. தினம் ராத்திரி ஸ்டாப்ல வந்து நிக்கிறாங்களாம், லேட்டானா பயம். பஸ் ஓரங்கட்டித் திரும்பும்போது எடுத்திருக்கான்."

அதனால்தான் ரோடு சரிந்திருக்கிறது, அதனால்தான் கலங்கல். காத்திருப்பவரை, காத்திருக்கப்படுகிறவனே எடுத்த படம். எனக்குத் தொண்டையில் டீ இறங்கவில்லை. 'ஐயோ, என்ன அருமையான படம்!' என்றேன்.

ஸ்டுடியோக்காரர் அதற்கும் மசியவில்லை. "அதெல்லாம் இல்ல சார். கதை நல்லாருக்கு. ஆனா படத்துல அந்தக் கதை இல்லையே? பஸ்ஸே தெரியல. பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? நான் அவன்கிட்ட அதைத்தான் சொன்னேன். 'படிக் கம்பி கொஞ்சம் ஃப்ரேமுக்குள்ள வந்திருந்தா போதும்டா, எல்லாம் புரிஞ்சிருக்கும்'னேன். என்ன சொன்னான் தெரியுமா? 'வந்திருந்துச்சுண்ணே, நான்தான் கிராப் பண்ணிட்டேன்'னான்."

ஏன் வெட்டினான்? அதற்கு முந்தைய மாதம், வேறொருவர் படத்தின் ஓரத்தில் ஏதோ ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, 'ஓரத்தில் வர்ற குப்பையை எல்லாம் வெட்டித் தள்ளணும்' என்று சபையில் அறிவித்த மகானுபாவன் யார் என்று நினைக்கிறீர்கள்?

ஆக, நம்முடைய ஒரு விமர்சனம் அந்தப் படத்தோடு முடிந்துவிடுவதில்லை. கேட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவன் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தன் படத்தில் கத்தி போடுகிறான். இதை எந்த ஆடிட்டிங் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

சென்னைக்கு இதெல்லாம் புதிது இல்லை. எழும்பூரில் இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கிற ஓவியப் பள்ளியை 1850ல் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்ட்டர், அந்த 1850களிலேயே மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி உருவாகவும் காரணமாக இருந்தார். 1855ல் மெட்ராஸில் நடந்த ஒரு பெரிய கண்காட்சியில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, அதுவரை யாரும் படம் எடுத்திராத கோயில்களின் 68 படங்களை வைத்தார். காகிதத்தில் எடுத்த காட்சிப் படங்களில் இதுதான் சிறந்த வரிசை என்று நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள். பிறகு அவர் அரசாங்கப் புகைப்படக்காரராகி, மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டிய சுருள் ஒன்று உண்டு, சுமார் 19 அடி நீளம்.

தீர்ப்பு, மெடல், மார்க்கு. அன்றிலிருந்து இன்றுவரை அமெச்சூர் போட்டோ உலகம் பெரும்பாலும் இந்தப் பாதையில்தான் ஓடுகிறது. போட்டிக்கு மார்க்கு சௌகரியம். ஆனால் பத்துக்கு ஆறு வாங்கியவனுக்கு மீதி நாலு எங்கே போனது என்று தெரிவதில்லையே! 2007ல் தொடங்கிய 'தமிழில் புகைப்படக்கலை' குழு மாதம் ஒரு தலைப்பு கொடுத்துப் போட்டி வைத்தபோது, தமிழிலேயே ஷட்டர், அப்பர்ச்சர் பாடமும் சேர்த்து நடத்தியது. அது எனக்குப் பிடித்த காரியம். முடிவை மட்டும் அறிவித்துவிட்டு ஓடாமல், பேசவும் ஒரு பாஷை கொடுத்தார்கள்.

லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1990ல் இதற்கென்றே ஒரு முறையை வகுத்தார். முதலில் பார்த்தவர்கள், தங்களைத் தொட்டது எது என்று மட்டும் சொல்ல வேண்டும். பிறகு படைத்தவர் கேள்வி கேட்பார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் குத்தல் இருக்கக் கூடாது. கடைசியில்தான் அபிப்பிராயம். அதுவும் 'எனக்கு ஒன்று தோன்றுகிறது, சொல்லட்டுமா?' என்று அனுமதி வாங்கிவிட்டு. நம் பாடி மாடிக்கு இவ்வளவு நாசூக்கு தாங்காது. டீ ஆறிவிடும். ஆனால் அந்த மூன்றாவது படியை மட்டும் சுட்டுக்கொண்டோம். 'ஏன் இவ்வளவு இருட்டா எடுத்தே?' என்பது கேள்வி இல்லை, குட்டு. 'எங்க நின்னு எடுத்தே?' என்பது கேள்வி. கூடவே இன்னொன்று: படம் எடுத்தவர் முதல் இரண்டு நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது. 'அன்னிக்கு லைட் இல்ல சார், பின்னாடி ஒரு லாரி வந்துடுச்சு' என்று ஆரம்பித்தால், பார்ப்பவர்கள் படத்தை விட்டுவிட்டு லாரியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

இந்தப் புது விதி வந்த அன்றே ஒரு டீச்சர் மேடம் எழுந்தார். கொரட்டூரிலிருந்து வருகிறவர். "ஆறு மாசமா என் படத்துக்கு எல்லாரும் 'சூப்பர் மேடம்'னுதான் சொல்றீங்க. நானும் ஆறு மாசமா அதே மாதிரி பூவையே எடுத்துக்கிட்டு இருக்கேன். யாருக்காவது என்கிட்ட பேசணும்னு தோணிச்சா?" அறையில் சத்தமே இல்லை. பெண் என்றால் பாராட்டிவிட்டு நகர்வது மரியாதை என்று ஆண்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல முடிவு செய்திருந்தோம். பையனுக்கு என் குட்டு எப்படியோ, அவருக்கு எங்கள் பாராட்டு அப்படி. இப்போது அவர் பூவை விட்டுவிட்டுத் தன் பள்ளிக்கூடத்து கரும்பலகைகளை எடுக்கிறார். பாதி அழித்த கணக்குகள். நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சாக்பீஸ் தூள் தெரிகிற படங்கள் பிடித்திருக்கின்றன, வெறும் எழுத்து மட்டும் இருப்பவை பிடிக்கவில்லை.

பையன் ஐந்தாவது வாரம் வந்தான். ஸ்டுடியோக்காரர்தான் கூப்பிட்டு அனுப்பினார். வெட்டாத படம் அவன் போனில் அப்படியே இருந்தது. திரையில் போட்டோம். இடது ஓரத்தில் தேய்ந்த படிக் கம்பி, அதைப் பிடித்திருக்கிற அவனுடைய விரல்கள் இரண்டு. அப்புறம் இருட்டு, ட்யூப் லைட், அம்மா. நான் சபையில் மன்னிப்புக் கேட்டேன். அவன் "பரவால்ல சார்" என்றான். அதை 'சரி சார்' என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரத் தலைப்பு மழை. நான் கொரட்டூர் ஏரிப்பக்கம் எடுத்த படம் அடுத்து வந்தது. அடிவானம் நூல் பிடித்தாற்போல நேர். குடை பிடித்த ஆள் மிகச் சரியாக மூன்றில் ஒரு பங்கில். இரண்டு பேர் 'சூப்பர்' என்று ஆரம்பித்து, விதி ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

பையன் கை தூக்கினான். "எங்க நின்னு எடுத்தீங்க சார்?"

"கார்ல உட்கார்ந்து" என்றேன். கேள்விக்குப் பதில் சொல்லலாம், விளக்கம்தான் கூடாது.

"அதான் சார், படம் நனையவே இல்ல" என்றான்.

அன்றைக்கு லென்ஸில் தண்ணீர் பட்டுவிடுமோ என்று பயம், கேமரா புதுசு, கூடவே எனக்கு ஜலதோஷம். சொல்ல எவ்வளவோ இருந்தது. இரண்டு நிமிடம் இன்னும் முடியவில்லை.