செய்தி சம்பாதிக்கத் தொடங்கியபோது: '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியின் உள்வரலாறு

1960களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் செய்தி என்பது செலவுக் கணக்கில் எழுதப்படும் விஷயம். சிபிஎஸ், என்பிசி, ஏபிசி ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் நகைச்சுவைத் தொடர்களிலும் கேளிக்கை நிகழ்ச்சிகளிலும் ஈட்டிய பணத்தில் ஒரு பங்கைச் செய்திப் பிரிவுக்கு ஒதுக்கின. அலைவரிசை உரிமம் கொடுக்கும் அரசு ஆணையத்திடம் பொதுநலக் கடமையைச் செய்கிறோம் என்று சொல்ல அது உதவியது. செய்தியாளர்களிடம் யாரும் லாபம் கேட்டதில்லை. அந்த ஏற்பாட்டைக் குலைத்தது, 1968 செப்டம்பர் 24 அன்று இரவு 10 மணிக்கு அதிகம் பேர் பார்க்காமல் சிபிஎஸ்ஸில் தொடங்கிய '60 மினிட்ஸ்'. செய்தியாலும் பணம் பண்ண முடியும் என்று அது காட்டியது. அந்தப் பணமே அதற்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்தது. பின்னாளில் அதே பணம் அதன் கையையும் கட்டியது.

நிகழ்ச்சியை உருவாக்கிய டான் ஹியூவிட் அப்போது ஓரங்கட்டப்பட்டிருந்த மனிதர். செய்தியாளர் எட்வர்ட் மரோவின் 'சீ இட் நவ்' நிகழ்ச்சியை 1951இல் இயக்கியவர், 1960இல் கென்னடி - நிக்சன் முதல் விவாதத்தைத் தயாரித்தவர் என்ற பெருமைகள் இருந்தும், செய்திப் பிரிவின் தலைவராக வந்த ஃபிரெட் ஃபிரெண்ட்லி அவரை மாலைச் செய்தியிலிருந்து விலக்கிவிட்டார். அந்த இடைவெளியில் பிறந்த யோசனைதான் இது. 'லைஃப்' போன்ற ஒரு வார இதழைப் புரட்டுவதுபோல, ஒரே மணி நேரத்தில் ஒரு கடுமையான விசாரணை, ஒரு நடிகரின் பேட்டி, ஒரு வேடிக்கையான துணுக்கு. மரோ அரசியலுக்கு ஒரு நிகழ்ச்சி, பிரபலங்களின் வீட்டுக்குள் நுழைய இன்னொரு நிகழ்ச்சி என்று தனித்தனியாக நடத்தியதை ஹியூவிட் ஒன்றாக்கினார். அடுத்த தலைவர் ரிச்சர்ட் சலான்ட் முதலில் இதை மறுத்தார். அவருடைய துணைத் தலைவர் பில் லெனார்ட், "ஃபிரெண்ட்லியும் இதையேதான் சொன்னார்" என்ற பொருளில் ஒரு வார்த்தை விட்டதும் சலான்ட் மனம் மாறியதாக ஹியூவிட் பதிவு செய்திருக்கிறார். அலுவலக அரசியலில் விழுந்த அந்த ஒரு வாக்கியத்துக்குத் தொலைக்காட்சி வரலாறு கடன்பட்டிருக்கிறது.

திரையில் தெரிந்தவர்கள் ஹாரி ரீஸனரும் மைக் வாலஸும். பிறகு மோர்லி சேஃபர், டான் ராதர், எட் பிராட்லி, டயான் சாயர், லெஸ்லி ஸ்டால் என்று முகங்கள் கூடின. ஆனால் நிகழ்ச்சியின் உண்மையான உழைப்பைத் தாங்கியவர்கள் தயாரிப்பாளர்கள். ஒவ்வொரு நிருபருக்கும் தனித் தயாரிப்பாளர் குழு உண்டு. கதையை மோப்பம் பிடிப்பது, ஆவணம் திரட்டுவது, பேட்டி தர யார் சம்மதிப்பார் என்று அலைவது, கேமரா வருவதற்கு முன்பே அவர்களோடு உட்கார்ந்து பேசிப் பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. ஒரு தயாரிப்பாளர் மாதக்கணக்கில் ஒரே கதையோடு வாழ்ந்துகொண்டிருப்பார். நிருபர் ஒரே சமயத்தில் பல கதைகளைக் கையில் வைத்துக்கொண்டு, முக்கியப் பேட்டிக்கு விமானம் ஏறி வந்து சேருவார். வாலஸின் கூர்மையான கேள்விகள் பலவற்றுக்குப் பின்னால் பாரி லாண்டோ, லோவல் பெர்க்மன் போன்றவர்களின் குறிப்பேடுகள் இருந்தன. ஒவ்வொரு கதைக்கும் முன்னால் நிருபருக்குப் பின்னே தெரியும் பக்கத்தில் தயாரிப்பாளரின் பெயர் இருக்கும். அதைப் படித்த பார்வையாளர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

எல்லாக் கதைகளும் வந்து சேரும் இடம் திரையிடல் அறை. நியூயார்க்கின் மேற்கு 57ஆம் தெருவில், தற்காலிகமாகத் தொகுத்த படத்தை ஹியூவிட்டுக்குப் போட்டுக் காட்டுவார்கள். பார்வையாளரைப் பிடித்துவைப்பது படமல்ல, காதில் விழும் சொல் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. சலித்தால் கத்துவார். முடிவை முன்னுக்குத் தூக்கிப் போடச் சொல்வார். ஒரு பாத்திரத்தையே வெட்டச் சொல்வார். வாலஸும் அவரும் அந்த அறையில் போட்ட சண்டைகள் கட்டடம் முழுக்கப் பிரசித்தம். "எனக்கு ஒரு கதை சொல்" என்பதுதான் அவர் கொடுத்த ஒரே இலக்கணம். கதைக்கு ஒரு வில்லன் வேண்டியிருக்கிறது, ஒரு திருப்பம் வேண்டியிருக்கிறது. உண்மையில் எப்போதும் அவை இருப்பதில்லை. நிகழ்ச்சியின் பலமும் பிழைகளும் இந்த ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்றே நான் கருதுகிறேன்.

முதல் சில ஆண்டுகள் பார்வையாளர்கள் வரவில்லை. வாரம் விட்டு வாரம் ஒளிபரப்பு, மாறிக்கொண்டே இருந்த நேரம், அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தில் காணாமல் போவது. திருப்பத்தைக் கொண்டுவந்தது ஓர் அரசு விதி. மாலை நேரத்தின் ஒரு பகுதியை உள்ளூர் நிலையங்களுக்கு விட்டுக்கொடுக்கச் சொன்ன ஆணையம், ஞாயிறு மாலை 7 மணியை மட்டும் குழந்தைகள் நிகழ்ச்சிக்கோ பொது விவகார நிகழ்ச்சிக்கோ நிறுவனங்கள் பயன்படுத்தலாம் என்று 1975இல் விலக்கு அளித்தது. அந்த டிசம்பரில் '60 மினிட்ஸ்' அந்த இடத்துக்குப் போனது. கால்பந்து முடிந்ததும் கோடிக்கணக்கான வீடுகளில் பெட்டி அணைக்கப்படாமலே இருந்தது. 1979 - 80இல் அமெரிக்காவின் முதலிட நிகழ்ச்சி. தொடர்ந்து 23 பருவங்கள் முதல் பத்துக்குள். நடிகர் சம்பளம் கிடையாது, அரங்க அமைப்புச் செலவு கிடையாது. விளம்பர வருவாயோ நாடகத் தொடர்களுக்கு நிகர். செய்திப் பிரிவை இனி யாராலும் தர்மக் கணக்கில் வைத்துப் பார்க்க முடியவில்லை.

பார்வையாளர்கள் பெருகியபோது வழக்குகளும் பெருகின. அவற்றால் அந்தத் திரையிடல் அறையின் கதவு வெளியாருக்குத் திறந்தது. வியட்நாம் போர்க்குற்றங்களை மேலிடம் மூடி மறைத்ததாகச் சொன்ன ஆந்தனி ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரியின் கூற்றுகளை 1973இல் லாண்டோ தயாரித்த கதை சந்தேகித்தது. ஹெர்பர்ட் வழக்குத் தொடுத்தார். லாண்டோவின் வாக்குமூலம் மட்டும் ஓராண்டுக்கு மேல் விட்டு விட்டு நடந்து 26 தொகுதிகள், கிட்டத்தட்ட 3,000 பக்கங்கள் நிரப்பியது. எதை ஏன் சேர்த்தாய், எதை ஏன் விட்டாய், அப்போது உன் மனதில் என்ன இருந்தது என்ற கேள்விகளுக்கு அவர் பதில் சொல்ல மறுத்தார். 1979இல் உச்ச நீதிமன்றம், அவதூறு வழக்கில் அப்படிக் கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. பல ஆண்டுகள் கழித்து வழக்கு தள்ளுபடியானாலும் செய்தியாளரின் மனம் சாட்சிக் கூண்டுக்கு வந்துவிட்டது. 1983இல், காப்பீட்டு மோசடி பற்றிய ஒரு கதை தொடர்பாக லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த வழக்கில், வெட்டி ஒதுக்கிய காட்சிகளையே நடுவர்கள் பார்த்தார்கள். ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதும் பதில் மெருகேற்றப்படுவதும் அதில் தெரிந்தன. சிபிஎஸ் வென்றது. ஆனாலும் படத்தொகுப்பு மேசையில் நடப்பதைப் பொதுமக்கள் கண்ணால் கண்டார்கள்.

இரண்டு கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது நியாயம். டெக்சாஸில் லெனல் கீட்டர் என்ற கறுப்பினப் பொறியாளர், கோழி வறுவல் கடையில் 615 டாலர் கொள்ளையடித்ததாக ஆயுள் தண்டனை பெற்றிருந்தார். அந்த நேரத்தில் அவர் வேலையிடத்தில் இருந்ததாகச் சக ஊழியர்கள் சொன்னதை 1983 டிசம்பரில் சேஃபர் ஒளிபரப்பினார். அந்த மாதமே கீட்டர் சிறையிலிருந்து வந்தார். மூன்றாண்டு கழித்து, ஆடி 5000 கார் தானாகப் பாய்கிறது என்ற கதை. விசைமிதி தானே கீழிறங்கும் காட்சியைக் காட்டினார்கள். அதற்காக வண்டியின் கியர் அமைப்பில் துளை போட்டு அழுத்தக் காற்று செலுத்தப்பட்டிருந்தது. பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் ஓட்டுநர் தவறான மிதியை மிதித்ததே என்று அரசு ஆய்வு 1989இல் சொன்னது. ஒரே அறை, ஒரே இலக்கணம். ஒன்றில் ஒரு மனிதர் விடுதலையானார். மற்றதில் ஒரு துளை மறைக்கப்பட்டது.

1995இல் நடந்ததுதான் எல்லாவற்றிலும் கசப்பானது. பிரவுன் அண்ட் வில்லியம்சன் புகையிலை நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்து நீக்கப்பட்ட ஜெஃப்ரி விகண்ட், ரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டவர். பெர்க்மன் பல மாதங்கள் அவர் நம்பிக்கையைச் சம்பாதித்து, வாலஸ் முன்னால் உட்காரவைத்தார். பேட்டி பதிவாகிவிட்டது. அப்போது சிபிஎஸ் சட்டப் பிரிவு குறுக்கே வந்தது: ஒப்பந்தத்தை மீறும்படி ஒருவரைத் தூண்டியதாக நம்மீது வழக்கு வரலாம். அவதூறு வழக்கில் உண்மையே கேடயம். இந்த வகை வழக்கில் உண்மை உதவாது. இதே புகையிலைத் துறையிடம் ஏபிசி ஆகஸ்டில்தான் மன்னிப்புக் கேட்டிருந்தது. சிபிஎஸ்ஸை வெஸ்டிங்ஹவுஸ் 540 கோடி டாலருக்கு வாங்கும் பேரமும் முடியும் தறுவாயில் இருந்தது. சிபிஎஸ் தலைவர் லாரன்ஸ் டிஷ்ஷின் குடும்பத்துக்கே லோரிலார்ட் என்ற சிகரெட் நிறுவனம் இருந்தது. நிக்கோடின் அடிமைப்படுத்தாது என்று 1994இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் சாட்சி சொன்ன ஏழு தலைவர்களில் அவர் மகனும் ஒருவர். வழக்கறிஞர்களின் முடிவுக்கு ஹியூவிட் தலையாட்டினார். நவம்பர் 12 அன்று விகண்டின் முகமும் பெயரும் இல்லாத குறைப்பிரதி ஒளிபரப்பானது. அவருடைய நீதிமன்ற வாக்குமூலத்தை 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' அச்சிட்ட பிறகே, 1996 பிப்ரவரி 4 அன்று, முழுப் பேட்டி வந்தது. 1998இல் புகையிலை நிறுவனங்கள் 46 மாநிலங்களுக்கு 20,600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. நாட்டிலேயே அதிகம் சம்பாதித்த செய்தி நிகழ்ச்சி, தன் கையிலிருந்த கதையை ஒரு நாளிதழ் அச்சிடும்வரை காத்திருந்தது. பணம் வாங்கித் தந்த சுதந்திரத்தின் எல்லை எது என்று பெர்க்மன் தெரிந்துகொண்டார்; சிபிஎஸ்ஸை விட்டும் போனார்.

உள்ளே இன்னொரு மௌனமும் இருந்தது. ஹியூவிட் மீது பாலியல் புகார் சொன்ன முன்னாள் ஊழியர் ஒருவருக்கு நிறுவனம் ஆண்டுக்கணக்கில் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வந்தது 2018இல்தான் வெளியே தெரிந்தது. 2004இல் ஹியூவிட்டின் நாற்காலிக்கு வந்த ஜெஃப் ஃபேகர், தன்மீதான குற்றச்சாட்டுகளை மறுத்தார். ஆனால் அவற்றைப் பற்றிக் கேட்ட சிபிஎஸ் நிருபருக்கே மிரட்டல் தொனியில் குறுஞ்செய்தி அனுப்பியதற்காக அதே 2018இல் நீக்கப்பட்டார். அதிகாரத்தில் இருப்பவர்களை விரட்டி விரட்டிக் கேள்வி கேட்ட ஓர் அலுவலகத்தில், பக்கத்து மேசைப் பெண்களின் கேள்விகள் கேட்கப்படாமலே கிடந்திருக்கின்றன.

ஃபேகருக்குப் பிறகு வந்தவர், நிகழ்ச்சியின் மூன்றாவது நிர்வாகத் தயாரிப்பாளர் பில் ஓவன்ஸ். 2024 அக்டோபரில் கமலா ஹாரிஸ் பேட்டியில் ஒரே பதிலின் ஒரு பகுதியை ஒரு நிகழ்ச்சியிலும் இன்னொரு பகுதியை '60 மினிட்ஸி'லும் காட்டியதை மோசடி என்று சொல்லி டிரம்ப் வழக்குப் போட்டார். தாய் நிறுவனமான பாரமவுண்ட், ஸ்கைடான்ஸுடன் இணைய அரசு ஆணையத்தின் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. தொகுக்கப்படாத முழுப் பதிவை ஆணையம் கேட்டது. 2025 பிப்ரவரியில் அது வெளியானது. ஹெர்பர்ட் வழக்கில் நீதிபதிகள் திறந்த கதவை இம்முறை தட்டியது ஆட்சியாளர். நிகழ்ச்சியைத் தன் முடிவின்படி நடத்தும் சுதந்திரம் இனி இல்லை என்று சொல்லி ஏப்ரலில் ஓவன்ஸ் விலகினார். சட்ட வல்லுநர்கள் பலர் நிற்காது என்று சொன்ன அந்த வழக்கை, ஜூலையில் பாரமவுண்ட் மன்னிப்புக் கேட்காமல் 1.6 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. அதே மாதம் இணைப்புக்கு ஒப்புதல் கிடைத்தது.