பாட்டனாரின் சீருடை: பிரித்தானிய உள்நாட்டுக் காவற்படையும் குடும்ப நினைவும் பற்றிய சில விமரிசனக் குறிப்புகள்

இரண்டாம் உலகப் போரில் கடல் கடந்து போரிட்டவனுடைய வரலாறு குடும்பத்தில் ஒருவகையாகவும், ஊரிலிருந்தவாறே ஆயுதந் தாங்கியவனுடைய வரலாறு வேறொருவகையாகவும் பேணப்படுவதை இங்கிலாந்தின் குடும்ப நினைவுகளைப் படிப்போர் எளிதிற் கண்டுகொள்வர். எல் அலமைனிற் போரிட்ட பாட்டனாரைப் பேரர் பெருமிதத்தோடு நினைவுகூருவர். ஹோம் கார்ட் எனப்பட்ட உள்நாட்டுக் காவற்படையிற் பணியாற்றிய பாட்டனாரைப் பற்றிக் கூறத் தொடங்கும்போதோ முதலில் ஒரு புன்னகை தோன்றும். அதன் பின்னரே செய்தி வரும். இப்புன்னகை எங்கிருந்து வந்தது, அது எதனை மறைக்கிறது என்பனவே இங்கு ஆராயப்படுவன.

பின்னணியைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். ஜேர்மனியப் படைகள் ஒல்லாந்தையும் பெல்ஜியத்தையும் ஊடறுத்துச் சென்றுகொண்டிருந்த 1940 மே 14ஆந் திகதி, போரமைச்சர் அந்தனி ஈடன் வானொலியிற் பேசினார். 17 வயதுக்கும் 65 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவரைத் தத்தம் ஊர்ப் பொலிஸ் நிலையத்தில் பெயர் பதியுமாறு கேட்டார். ஒரு வாரத்துள் ஏறத்தாழ 2,50,000 பேர் பதிந்தனர். 'உள்ளூர்ப் பாதுகாப்புத் தொண்டர்' என்ற முதற் பெயர் சேர்ச்சிலின் விருப்பப்படி அவ்வாண்டு யூலையில் மாற்றப்பட்டது. சம்பளமில்லை, பகல் முழுதும் வேலை, இரவிற் காவல். 1944 டிசம்பரிற் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு 1945 இறுதியிற் படை கலைக்கப்பட்டது. எதிரி தரையிறங்கவேயில்லை. ஆயினும் கடமையின்போது இறந்தோரும் காயங்களால் மாண்டோரும் 1,206 பேர். நகைச்சுவைக்குரிய ஒரு நிறுவனமாக மட்டும் இதனைக் கருதுவோர் இவ்வெண்ணை மனத்திற் கொள்ளுதல் தகும்.

'மக்களிடம் ஆயுதம்' என்பது அக்காலத்தில் வெறும் முழக்கமன்று. அதற்கென ஒரு போராட்டமே நிகழ்ந்தது. ஸ்பானிய உள்நாட்டுப் போரில், 1937இல் யராமாப் போர்க்களத்தில், சர்வதேசப் படையணியின் பிரித்தானியப் பட்டாளத்தை நடத்திய ரொம் வின்ரிங்ஹாம், 'பிக்சர் போஸ்ட்' இதழின் உரிமையாளர் எட்வேட் ஹல்ரனின் உதவியுடன் 1940 யூலையில் ஒஸ்ரலி பூங்காவில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஸ்பெயினிற் போரிட்டோர் கெரில்லாப் போர்முறையைக் கற்பித்தனர். சர்ரியலிச ஓவியர் ரோலன்ட் பென்ரோஸ் உருமறைப்புக் கலையைக் கற்பித்தார். சில மாதங்களுள் போரமைச்சு அப்பள்ளியைத் தன்வசமாக்கிக்கொண்டது; அடுத்த ஆண்டில் வின்ரிங்ஹாம் விலகினார். பாசிசத்தை எதிர்த்து முதன்முதல் ஆயுதமேந்தியோரைப் பாசிச எதிர்ப்புப் படையொன்று ஐயத்துடன் நோக்கியமை ஆளும் வர்க்கத்தின் அச்சம் எத்திசையில் இருந்தது என்பதைக் காட்டும். லண்டனில் இப்படையிற் சார்ஜன்டாக இருந்த ஜோர்ஜ் ஓர்வெல்லும் இதனைச் சனநாயக மக்கட் படையாக வளர்க்கலாம் என நம்பியவர்; அதன் தலைமை ஓய்வுபெற்ற அதிகாரிகளிடமும் வசதிபடைத்தோரிடமும் சிக்கியிருப்பதையும் கண்டவர்.

இவ்வரலாற்றைச் சாதாரண ஆங்கிலேயனின் நினைவிலிருந்து பெரும்பாலும் அகற்றியது ஒரு தொலைக்காட்சித் தொடர். ஜிம்மி பெரியும் டேவிட் குரொவ்ற்றும் எழுதிய 'டாட்ஸ் ஆர்மி' 1968 யூலை முதல் 1977 நவம்பர் வரை பி.பி.சி.யில் 80 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. பெரி இளவயதில் உள்நாட்டுக் காவற்படையில் இருந்தவர். எனவே இது அறியாதார் எழுதிய கேலியன்று. படைக்குள்ளேயே சிரிப்பு இருந்தது. பழைய பெயரின் மூன்றெழுத்தை 'பார், பதுங்கு, மறை' என விரித்துப் பகடி பண்ணியவர்கள் அக்காலத்து மக்களே. 1941இல் ஒவ்வொருவனுக்கும் ஏதேனும் ஓர் ஆயுதம் வேண்டுமென்று சேர்ச்சில் பணித்ததன் விளைவாக, இரும்புக் குழாயின் நுனியிற் துப்பாக்கிச் சனியனைப் பற்றவைத்து 2,50,000 ஈட்டிகள் செய்யப்பட்டன. விமானக் குண்டுவீச்சின் காலத்தில் ஈட்டியைக் கையிற் பெற்றவன் சிரிக்காமல் என் செய்வான்? சிரிப்புக்கு அடியிற் சினமும் இருந்தது. தொடர் சிரிப்பை வைத்துக்கொண்டு சினத்தைக் கழித்துவிட்டது.

கலைப்படைப்பு என்ற வகையில் தொடரின் சிறப்பைக் குறைத்து மதிப்பிடல் முறையன்று. வங்கி முகாமையாளர் மானரிங் கப்டன். அவரிலும் உயர்குடிப் பள்ளியிற் கற்ற அவருடைய எழுதுவினைஞர் வில்சன் சார்ஜன்ட். ஆங்கிலச் சமூகத்தின் வர்க்க உணர்வை இவ்விருவருக்கிடையேயான உரசலில் எழுத்தாளர் நுணுக்கமாகக் காட்டியுள்ளனர். ஆயின் அப்பிளட்டூனை மேலும் உற்று நோக்குவோம். இறைச்சிக் கடைக்காரர், பிரேதப் பெட்டி செய்பவர், ஓய்வுபெற்ற கடைச் சிற்றூழியர், கறுப்புச் சந்தை வியாபாரி, வங்கியின் இளம் எழுதுவினைஞன். முதன்மைப் பாத்திரங்களுள் ஒரு சுரங்கத் தொழிலாளியோ, புகையிரத ஊழியனோ, ஆலைத் தொழிலாளியோ இல்லை. உண்மையான படையிலோ சுரங்கங்களும் புகையிரதப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் தத்தமக்கெனப் பிரிவுகளை அமைத்திருந்தன. வர்க்க முரண்பாடு குட்டி முதலாளித்துவத்தின் உட்பூசலாகச் சுருக்கப்பட்டதே தொடரின் கருத்துநிலை வெற்றி எனலாம். தொழிற்சங்க உறுப்பினராயிருந்த சுரங்கத் தொழிலாளியின் பேரன், அத்தொடரில் தன் பாட்டனைத் தேடினால் இறைச்சிக் கடைக்காரரையே காண்பான்.

அவ்விறைச்சிக் கடைக்காரர் ஜோன்ஸ் நம் போன்றோரின் தனிக் கவனத்துக்குரியவர். கிச்சனரின் கீழ்ச் சூடானிற் போரிட்டவராக அவர் படைக்கப்பட்டுள்ளார், வாய் திறக்குந்தோறும் சூடானியரைச் சனியனாற் குத்திய கதை வரும், அவர்களை இழிபெயரால் அழைப்பார், பார்வையாளர் சிரிப்பர். 1898இல் ஒம்துர்மானில் ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சூடானியர் மாண்டனர். பிரித்தானிய, எகிப்தியப் பக்கத்தில் இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. பெரும்பாலும் இயந்திரத் துப்பாக்கியும் பீரங்கியும் செய்த கொலை அது. ஏகாதிபத்தியப் போர்வீரனைக் கிழவனாக்கி, பதற்றக்காரனாக்கி, அன்புக்குரியவனாக்கியதன் மூலம் தொடர் அக்கொலையை வீட்டுக் கூடத்துக் கதையாக்கிவிட்டது. இதனை எழுத்தாளரின் நோக்கம் என்று நான் கூறேன். குடும்ப நினைவு இயங்கும் முறையே இவ்வாறானது: பாட்டனார் எங்கே போனார் என்று கேட்கும், அங்கே யார் இருந்தனர் என்று கேளாது.

இதற்கு எதிர்மறையான ஒரு பகுதியையும் குறிப்பிடல் வேண்டும். 1969இல் ஒளிபரப்பான பகுதியொன்றில், முதலாம் உலகப் போரில் மனச்சான்றின் பேரில் ஆயுதமேந்த மறுத்தவர் முதியவர் கொட்ஃபிறி என்பது தெரியவருகிறது. சகபாடிகள் அவரை ஒதுக்குகின்றனர்; பின்னர், காயமுற்றோரைச் சுமந்து பதக்கம் பெற்றவர் அவரென அறிகின்றனர். பதக்கம் இல்லாவிடின் அவரை மன்னித்திருப்பார்களா என்ற வினாவை எழுத்தாளர் எழுப்பவில்லை. இப்பாத்திரத்தில் நடித்த ஆர்னல்ட் ரிட்லி 1916இல் சொம் போர்க்களத்திற் படுகாயமுற்றவர் என்பதை அறிந்து பார்ப்பவனுக்கு அக்காட்சியிற் சிரிப்பு வருவதில்லை.

பெனி சமர்ஃபீல்ட், கொரின்னா பெனிஸ்டன்-பேட் ஆகிய இரு வரலாற்றாசிரியைகள் 2007இல் வெளியிட்ட உள்நாட்டுக் காவற்படை பற்றிய நூல் இவ்விடத்திற் பெரிதும் பயன்படுகின்றது. படையிற் பணியாற்றியோரை நேரிற் கண்டு அவர்தம் வாய்மொழியைப் பதிவுசெய்த அவர்கள், பேசுவோர் தம் அனுபவத்தைத் தொடரோடு ஒப்பிட்டோ அதற்கு எதிராக வாதிட்டோ கூறுவதைக் கண்டனர். தான் வாழ்ந்த வாழ்வைக் கூறுவதற்கே பிறர் படைத்த கதையைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது! உயிரோடிருப்போர் நிலை இதுவாயின், பேரரின் கூற்றை எவ்வளவு அவதானத்துடன் படிக்க வேண்டும்? இந்நூலின் மீது எனக்குள்ள ஒரு குறை, பொதுநினைவின் ஆதிக்கத்தை விளக்கும் அளவுக்கு அதனை உருவாக்கிய பொருளியல், அரசியல் நலன்களை அது அழுத்தவில்லை என்பதே.

எடுத்துக்காட்டாக, 'என் பாட்டனார் தாமாகவே முன்வந்தார்' என்பது இக்குடும்பக் கதைகளில் ஓயாது வரும் தொடர். 1940இற் சேர்ந்தவர்க்கு அது பொருந்தும்; இரு வார அறிவித்தல் கொடுத்து விலகும் உரிமையும் அப்போது இருந்தது. 1942 முதலோ ஆட்களைச் சட்டப்படி இப்படையிற் சேர்க்க முடிந்தது. விலகும் உரிமை நீக்கப்பட்டது. மாதத்துக்கு 48 மணிநேரம் வரை கடமை விதிக்கலாம். வராதவன் நீதிமன்றம் செல்ல நேரிடும். பன்னிரண்டு மணிநேர ஆலை வேலைக்குப் பின் கட்டாயக் காவலுக்குச் சென்றவனின் களைப்பு எந்தக் குடும்ப ஏட்டிலும் ஏறவில்லை. மன்னர் ஆறாம் ஜோர்ஜின் அச்சொப்பத்துடன் வழங்கப்பட்ட சான்றிதழில் தொண்டனுக்கும் கட்டாயப்படுத்தப்பட்டவனுக்கும் வாசகம் ஒன்றே. பெயரும் திகதிகளும் மட்டுமே வேறு. கண்ணாடிச் சட்டத்துள் தொங்கும் அத்தாளிற் பேரன் படிக்க வேண்டியது புகழுரையையன்று, சேர்ந்த திகதியை. அதுவே பாட்டனார் எத்தகைய சுதந்திரத்தோடு துப்பாக்கியை எடுத்தார் என்பதை அறிதற்கான முதற் சான்று.

பாட்டியைப் பற்றிய நிலை இன்னும் மோசமானது. பாராளுமன்ற உறுப்பினர் எடித் சமர்ஸ்கில் பெண்களையும் இப்படையிற் சேர்க்குமாறு தொடர்ந்து வாதாடினார். மறுக்கப்பட்ட பெண்கள் தாமே அமைப்பு அமைத்துச் சுடுபயிற்சி பெற்றனர். 1943இல் அரசு இணங்கியது: எழுதுதல், சமைத்தல், வண்டி ஓட்டுதல் போன்ற உதவிப் பணிகளுக்கு மட்டும். சீருடை இல்லை, ஆயுதம் இல்லை, பிளாஸ்ரிக்காலான ஒரு சட்டைச் சின்னம் வழங்கப்பட்டது. பாட்டனாரின் சான்றிதழ் சுவரில் இருக்க, இச்சின்னம் பொத்தான் பெட்டியில் ஒரு பொத்தானாகக் கிடப்பதில் வியப்பில்லை.

ஈழத்து வாசகர்க்கு இது பிறநாட்டுச் செய்தி மட்டுமன்று. 1942 ஏப்ரல் 5இற் கொழும்பும் 9இல் திருகோணமலையும் குண்டுவீச்சுக்குள்ளாயின. பிரித்தானியக் கிராமவாசிக்குப் பொலிஸ் நிலையத்திற் பெயர் பதிந்து துப்பாக்கி பெறும் உரிமையை அளித்த அதே அரசு, இங்கே 1940 யூனில் லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்களைச் சிறையிலிட்டது. 1942இற் கட்சியைத் தடைசெய்தது. நம் வீடுகளிலும் 'யப்பான்காரன் குண்டு போட்ட காலம்' என்று தொடங்கும் கதைகள் உண்டு. அக்காலத்திற் கடற்படைத் தளத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்தோர், தொண்டர் படையிற் சேர்ந்தோர், கொழும்பை விட்டு ஊர் திரும்பியோர் ஆகியோரின் பேரர் இன்று நம்மிடையே உளர். அவர்களுடைய வீட்டுக் கதைகளைச் சேர்ந்த திகதி, கூலி, கட்டாயம், தலைமை என்னும் வினாக்களோடு பதிவுசெய்யும் முயற்சியை இச்சங்கத்து மாணவர் மேற்கொள்ளலாம். முதியோர் இருக்கும் வீடுகளிலிருந்தே அதனைத் தொடங்க வேண்டும்.