குரலை அடக்கிய நடிப்பு

அன்ரனிதாசன் யேசுதாசன் 1967இல் அல்லைப்பிட்டியில் பிறந்தார். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடல்வழி வீதியால் போனால் வேலணைத் தீவின் கிழக்குக் கரையில் வரும் ஊர் அது. தமிழ் வாசகர்களுக்கு அவர் ஷோபாசக்தி. உலகத் திரைப்பட ரசிகர்களுக்கு, 2015இல் கான் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கப் பனையை வென்ற ‘தீபன்’ படத்தின் நாயகன்.

யாழ்ப்பாணத்தில் நடிகனைக் காதால் எடைபோடுவது நெடுங்கால வழக்கம். கரையோரங்களிலும் தீவுகளிலும் கத்தோலிக்கர் ஆடிய தென்மோடிக் கூத்தில் தொண்டைக்கே முதலிடம். எட்டுக்கட்டையில் எடுத்து விடிய விடியப் பாட முடியாதவர் அரசன் வேடம் கட்ட முடியாது. இசை நாடகத்திலும் அதே கதைதான். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தைப் பார்க்கப் போன சனம் அரிச்சந்திரனின் முகத்தைக் கண்டதைவிட அவனது பாட்டைக் கேட்டதே கூடுதலாக இருந்திருக்கும். ஒலிபெருக்கி அரிதாக இருந்த காலத்தில், கோயில் வீதியின் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டிய கலை அது. இந்த மண்ணிலிருந்து போன ஒருவர், குரலை முற்றாக உள்ளே இழுத்துக்கொண்ட நடிப்பினால் கான் நகரில் கவனிக்கப்பட்டார் என்பதுதான் அவரது கலையில் முதலில் ஊன்றிப் பார்க்க வேண்டிய விடயம்.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பின்னர், பதின்ம வயதிலேயே விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்த அவர் 1986இல் அதிலிருந்து விலகினார். பிறகு நாட்டைவிட்டு வெளியேறி, தாய்லாந்தில் அகதியாக இருந்து, 1993இல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். பாரிஸில் உணவகங்களில் கோப்பை கழுவினார், பல்பொருள் அங்காடியில் தட்டுகளில் பொருள் அடுக்கினார். எழுத்தும் அங்கேதான் வேர்பிடித்தது. 2001இல் ‘கொரில்லா’, 2004இல் ‘ம்’, பின்னர் ‘பொக்ஸ் கதைப் புத்தகம்’, ‘இச்சா’, ‘ஸலாம் அலைக்’ என்று நாவல்கள் வந்தன. ‘கொரில்லா’ ஓர் அகதி விண்ணப்பத்தின் வடிவில் தொடங்குகிறது. அதிகாரியின் முன்னால் தன் வாழ்க்கையைக் கதையாக்கிச் சொல்ல வேண்டிய ஒருவனின் நிலைமையை, திரையில் அதை நடிப்பதற்குப் பதினான்கு வருடங்களுக்கு முன்னரே அவர் எழுதிப் பார்த்துவிட்டார். உண்மையும் புனைவும் ஒரே வாக்கியத்துக்குள் தோளோடு தோள் நிற்கும் அந்த எழுத்துமுறை, பிற்பாடு நடிப்புக்கும் கைகொடுத்தது.

திரையில் முதல் அடி, லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’. தனுஷ்கோடியின் மீனவரையும் அகதிகளையும் பற்றிய அந்தப் படத்தின் எழுத்திலும் நடிப்பிலும் அவருக்குப் பங்கிருந்தது. ஆனால் அவரை நடிகராக நிலைநிறுத்தியது ‘தீபன்’ ஒன்றே.

அதன் இயக்குநர் ஜாக் ஓடியார் ‘ஒரு தீர்க்கதரிசி’ படத்தால் ஏற்கெனவே பெயர் பெற்றவர். தனக்குத் தெரியாத மொழியில், பெரும்பகுதி தமிழிலேயே பேசும் ஒரு பிரெஞ்சுப் படத்தை எடுக்க அவர் துணிந்தார். இலங்கையில் போர் முடியும் தறுவாயில் சிவதாசன் என்ற போராளி, இறந்துபோன ஒருவனின் கடவுச்சீட்டை வாங்கித் தீபன் ஆகிறான். அறியாத ஒரு பெண் யாழினி என்ற பெயரில் மனைவியாகிறாள். தாய் தகப்பன் இல்லாத ஒரு சிறுமி இளையாள் என்ற பெயரில் மகளாகிறாள். பாரிஸின் புறநகர் அடுக்குமாடித் தொகுதி ஒன்றில் காப்பாளர் வேலை கிடைக்கிறது. அந்தத் தொகுதியோ போதைப்பொருள் கும்பல்களின் கையில் இருக்கிறது.

ஆக, நடிகர் நடிக்க வேண்டியது ஏற்கெனவே நடித்துக்கொண்டிருக்கும் ஒருவனை. தீபன் கணவனாக நடிக்கிறான், தகப்பனாக நடிக்கிறான், துப்பாக்கியைத் தொட்டே அறியாத சாதுவாக நடிக்கிறான். அந்த நடிப்புக் கொஞ்சம் பிசகியும் தெரிய வேண்டும். பிசகு கூடினால் கதை நம்பத்தகாததாகிவிடும். அன்ரனிதாசன் இதை முதுகாலும் தோளாலும் செய்கிறார். தும்புத்தடியோடு முற்றத்தைக் கடக்கும்போது தோள் சற்றே குனிந்திருக்கிறது, பார்வை மட்டும் மாடி யன்னல்களை எண்ணுகிறது. வெள்ளைக்காரர் பேசும்போது தலையை ஆட்டிக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு, பாதி விளங்கிய மொழிக்குள் வாழ்ந்த எவருக்கும் உடனே பிடிபடும்.

படத் தலைப்பு வரும் இடம் மறக்க முடியாதது. இருட்டுக்குள் நீல வெளிச்சங்கள் மின்னி மின்னி அசைகின்றன. கிட்ட வரும்போதுதான் அது தலையில் மாட்டிய விளையாட்டுப் பட்டி என்றும், அணிந்திருப்பவர் தெருவில் அதை விற்கும் தீபன் என்றும் தெரிகிறது. படத்தின் தொடக்கத்தில் பிணங்களின் மேல் ஓலை பரப்பி எரியூட்டிய அதே முகம். அந்த முகத்தில் வெட்கத்தையோ துயரத்தையோ அவர் காட்டவில்லை. களைப்பு மட்டும் இருக்கிறது. அதனால்தான் காட்சி நெஞ்சில் இறங்குகிறது.

பகிடி பற்றிய காட்சியும் அப்படித்தான். வேலையிடத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள், சொல் விளங்குகிறது, சிரிப்பு வருவதில்லை என்று தீபன் சொல்ல, தமிழிலும் உனக்குப் பகிடி வராது என்கிறாள் யாழினி. சென்னை நாடக மேடையிலிருந்து வந்த காளீஸ்வரி சீனிவாசனின் ஈழத்தமிழ் எப்போதாவது இடறுவதை யாழ்ப்பாணத்துக் காது கண்டுகொள்ளும்; ஆனால் அந்தக் காட்சியில் இருவரும் முதன்முறையாகக் கணவன் மனைவியைப் போலவே தெரிகிறார்கள்.

தனது பழைய இயக்கத் தளபதியைச் சந்தித்து அடிவாங்கிய பிறகு, தீபன் நிலவறையில் தனியே குடித்துவிட்டுப் பாடுகிறான். படம் முழுக்க அடைத்துவைத்த குரல் அந்த ஓரிடத்தில் திறக்கிறது. சுதி சேராத, கரகரத்த, உரத்த பாட்டு. கூத்துக் களரியில் ஒலித்திருந்தால் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் திருத்தியிருப்பார். திரையில் அதுதான் சரியான சுதி. பின்னர் தொகுதியின் இரு கட்டடங்களுக்கும் நடுவே வெள்ளைக் கோடு கீறி, அதைச் சூட்டுத் தவிர்ப்பு வலயம் என்று அவன் அறிவிக்கும்போது, 2009இல் வன்னியில் அதே பெயரில் அறிவிக்கப்பட்ட வலயங்களை அறிந்த பார்வையாளருக்கு உடல் கூசும்.

இறுதிப் படிக்கட்டுச் சண்டை படத்தின் பலவீனம். புகைக்குள் கால்களை மட்டும் தொடர்ந்து போகும் ஒளிப்பதிவு அபாரம் என்றாலும், அதுவரை நூல் நூலாகக் கட்டிய மனிதன் வழக்கமான அதிரடி நாயகனாகச் சுருங்கிவிடுகிறான். அங்கேயும் முகத்தை வெறுமையாக வைத்திருந்து ஓரளவு காப்பாற்றியவர் நடிகரே.

கோயன் சகோதரர்கள் தலைமையிலான நடுவர் குழு, ‘கரோல்’, ‘சவுலின் மகன்’ போன்ற படங்கள் போட்டியிட்ட ஆண்டில் ‘தீபனை’த் தேர்ந்தது. அடுத்த ஆண்டு பிரான்சின் சேசார் விருதுக்குச் சிறந்த நடிகர் பிரிவில் அன்ரனிதாசனின் பெயர், ஜெரார் தெபார்தியூ, வின்சென்ட் காசல் ஆகியோரின் பெயர்களுடன் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. விருது வின்சென்ட் லிண்டனுக்குப் போயிற்று.

அதன்பின் அவர் நடித்தவை எண்ணிக்கையில் குறைவு. லெனின் எம். சிவம் கனடாவில் எடுத்த ‘ரூபா’வில், திருநங்கை ஒருவரைக் காதலிக்கும் நடுவயதுக் குடும்பஸ்தனாக வந்தார்; இங்கே தீபனின் விறைப்பு இல்லை, தயக்கத்தோடு கனியும் ஒரு மென்மை இருக்கிறது. 2019இல் சிட்னியில் எஸ். சக்திதரனின் ‘கவுன்ரிங் அண்ட் கிராக்கிங்’ நாடகத்தில் திரு என்ற பாத்திரம் ஏற்றார். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடும், ஓர் ஈழக் குடும்பத்தின் பல தலைமுறைக் கதை அது. படக்கருவி கிட்ட வந்து முகத்தை வாங்கிக்கொள்ளாத மேடையில், கடைசி வரிசைக்கும் கேட்க அவர் மறுபடி குரலை எடுக்க வேண்டியிருந்தது.