'பி' என்னும் வினையும் பிழைத்திருத்தமும்

அமெரிக்காவில் ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் நூல்களுள் பல, தர ஆங்கிலத்தினின்று விலகும் தொடர்களைப் பிழை என்னும் ஒரே தலைப்பில் அடக்கிவிடுகின்றன. இம்முறை, கற்பவர் பேச்சிலுள்ள இலக்கணத்தையே மறைக்கிறது. ஆப்பிரிக்க அமெரிக்கரின் கிளைமொழியில் 'ஷி வொர்க்கிங்' என்பது இப்போது நிகழும் செயலைக் குறிக்கும். 'ஷி பி வொர்க்கிங்' என்பதோ வழக்கமாக நிகழ்வதைக் குறிக்கும். இரண்டையும் 'ஷி ஈஸ் வொர்க்கிங்' எனத் திருத்தும் ஆசிரியர் நீக்குவது பிழையை அன்று, பொருள் வேறுபாட்டை.

முதல் தொடரில் 'ஈஸ்' மறைவதும் சோம்பலால் நேர்வதன்று. தர ஆங்கிலம் அவ்வினையை எங்கே சுருக்க இடந்தருமோ அங்கேதான் இக்கிளைமொழி அதனை விடமுடியும் என்பதை வில்லியம் லபாவ் 1969இல் நிறுவினார். 'தட்ஸ் வாட் ஹி ஈஸ்' என்பதன் இறுதியிலுள்ள வினை தர ஆங்கிலத்தில் சுருங்காது. கிளைமொழியில் மறையவும் மறையாது. கலிபோர்னியாவின் ஓக்லண்டு பள்ளி வாரியம் 1996இல் இயற்றிய தீர்மானமோ இந்நெருக்கத்தை விட்டு, ஆப்பிரிக்க மொழிகளோடுள்ள உறவையே முன்னிறுத்தியது. வாதத்தின் வலுவான பகுதி அதனால் பின்தங்கிற்று.

இத்தகைய உரையாடலைக் கொச்சைத் தமிழாக்கினால் போதுமென மொழிபெயர்ப்பாளர் கருதுவதுண்டு. கொச்சை, பேசுபவரின் சமூகநிலையைக் காட்டலாம் (அதுவும் பெரும்பாலும் இழிவாக), வினைநோக்கைக் காட்டாது. தமிழில் அதற்குரிய வடிவங்கள் ஆயத்தமாகவே உள்ளன: 'வேலை செய்துகொண்டிருக்கிறாள்', 'வேலை செய்துகொண்டிருப்பாள்'. பின்னது ஊகப்பொருளும் தரும். 'எப்போது பார்த்தாலும்' என்னும் அடை அதனை விலக்கிவிடும்.